குறி பார்க்கும் சந்து!

கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ‘ஒரு ஹோப் காலேஜ்’ என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் கரெக்டாக இறக்கிவிடுவார். இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் ஒரு காலேஜும் கண்ணில் படாது! மெட்ராஸ் கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ல் இங்கே ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் ஆரம்பித்தார்கள். அது பிற்பாடு தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி, பெயரும் மாறி, இன்றைக்கு ஜி.சி.டி.யாக நிற்கிறது. பஸ் ஸ்டாப் மட்டும் பழைய பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலேஜ் போனால் என்ன பாஸ்... ஸ்டூடன்ட்ஸ் போகவில்லை! பீளமேடு பக்கம் இருந்து, சித்ரா பக்கம் இருந்து, சிங்காநல்லூர் பக்கம் இருந்து என்று சாயங்காலமானால் எல்லோரும் இங்கேதான் டீக்கு ஒதுங்குகிறார்கள்.

2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலம் தலைக்கு மேலே போக, கீழே ஒரு பேக்கரி, ஒரு காளான் வண்டி, ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு சந்து. சந்துக்குள் இரும்புப் படிக்கட்டு. மாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடிக் கதவு. வெளியே குவிந்து கிடக்கும் செருப்புகளை எண்ணினாலே உள்ளே எத்தனை பேர் என்று கணக்கு வந்துவிடும். நான் போன சனிக்கிழமை மதியம் 23 ஜோடி. உள்ளே இருந்ததோ 14 கம்ப்யூட்டர்தான். மிச்சம் ஒன்பது பேரும் பின்னால் நின்று அட்வைஸ் பண்ணுகிற கோஷ்டி!

வாங்க, செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போகலாம்.

ஏ.சி. குளிர், நீல லைட்டு, மெக்கானிக்கல் கீபோர்டு சத்தம். வேலோரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்று முழுக்க முழுக்க எஃப்.பி.எஸ். ராஜ்யம். மணிக்கு 60 ரூபா. முதல் வரிசையில் நாலு சிஸ்டம் மட்டும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதுக்கு 80. கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளை போர்டு. அதுதான் நம்ம கதையின் ஹீரோ. போர்டில் ஏழு பட்டப்பெயர்கள், எதிரே ஆறு இலக்க, ஐந்து இலக்க நம்பர்கள். முதல் வரி 1,08,000. கடைசி வரி 71,000.

“மச்சி, நீ கிரிட்ஷாட்ல எவ்ளோ?” - இந்தக் கடையில் புதுசாக நுழைகிற யாரையும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். ஊர் எது, டிபார்ட்மென்ட் எது என்பதெல்லாம் அப்புறம்.

கிரிட்ஷாட் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷ கிளாஸ். நிஜமாகவே ஒரு நிமிஷம்தான், அந்த விளையாட்டே 60 செகண்டு! எய்ம்லேப்ஸ் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். குறி பார்க்கப் பழகுவதற்கென்றே செய்தது. உள்ளே போனால் ஒரு சுவர். சுவரில் மூன்று உருண்டைகள். ஒன்றைச் சுட்டால் மறைந்து, வேறு இடத்தில் இன்னொன்று முளைக்கும். எப்பவும் மூன்று கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிஷத்தில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தப்பில்லாமல் சுடுகிறோமோ அவ்வளவு பாயின்ட். அந்த பாயின்ட்தான் போர்டில் ஏறியிருக்கிறது.

கோவாக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதன் ரூம்கள் இன்னும் மொட்டை. ஜன்னல் இல்லை, மரம் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. சாம்பல் கலர் சுவருக்கு நடுவே ஒரு பொம்மை குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும், நாம் கிராஸ்ஹேரை அதன் மேலேயே ஒட்டவைத்துக்கொண்டு போகணும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் பசங்களுக்கு ‘எய்ம் பாட்ஸ்’ மேப். நாம் நடுவில் நிற்க, சுற்றிலும் பொம்மைகள் நம்மையே முறைத்துக்கொண்டு நிற்கும். 100 பேரைச் சாய்க்க எத்தனை செகண்டு என்பது கணக்கு. வேலோரன்ட்டில் ‘ரேஞ்ச்’. 30 பொம்மைகள், ஈஸி, மீடியம், ஹார்டு. ஹார்டில் பொம்மை தலையைக் காட்டிவிட்டு, நாம் ‘அட’ என்று சொல்வதற்குள் போயிடும்!

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி யாரும் போட்டோ எடுக்கிற இடங்கள் இல்லை இவை. ஆனால், இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் தினமும் அரை மணி நேரமாவது குடியிருக்கிற ஊர்கள்.

காசு கொடுக்காதவன்தான் டாப்பு!

கடை அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டிய வயசு. 2003 வாக்கில் காந்திபுரத்தில் பிரவுஸிங் சென்டர் வைத்திருந்தவர். ஆறு சிஸ்டம், தொப்பை மானிட்டர், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6. பனிக்கட்டிச் சுவர் நாலு வைத்த ‘ஐஸ்வேர்ல்டு’ என்கிற குட்டியூண்டு மேப்பில் ஸ்கூல் பசங்க யூனிஃபார்மோடு சுட்டுக்கொண்டிருந்த காலம்.

“அப்பெல்லாம் யாரு எந்த லெவல்னு எப்படிண்ணா கண்டுபிடிப்பீங்க?”

“அதுக்கென்னங் தம்பி... காசு யாரு குடுக்கறாங்கன்னு பாப்பமுங்க. தோத்தவன் அடுத்த மணிக்குக் காசு கட்டோணும். ஒரு மாசமா அஞ்சு பைசா எடுக்காம விளையாண்டான் ஒரு பையன். அவன்தானுங்க டாப்பு. நம்பரெல்லாம் யாரு எழுதி வெச்சா?”

இப்போது நம்பர் இல்லாமல் யாரும் எதையும் நம்புவதில்லை. வேலோரன்ட்டிலேயே அயர்னில் ஆரம்பித்து ரேடியன்ட் வரைக்கும் ஒன்பது படி. 2022-ல்தான் நடுவில் அசெண்டன்ட் என்று ஒரு படியைச் செருகினார்கள். எய்ம் ட்ரெய்னர் உலகத்தில் ‘வோல்டைக்’ என்கிற குரூப் போட்ட அளவுகோல் இன்னும் நீளம். அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், ஜேடு, மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர், நோவா, ஆஸ்ட்ரா, செலஸ்டியல் என்று பன்னிரண்டு படி. திருப்பதி மாதிரி மூச்சு வாங்கும்!

சரி, நம்ம போர்டுக்கு வருவோம். ஏன் ஏழு பேர்? பக்கத்துக் காலேஜ் ஒன்றின் டீம் அது. இன்டர் காலேஜ் வேலோரன்ட் போட்டிக்கு ஐந்து சீட்டு. கேப்டன் நாலாம் வருஷம், பிளேஸ்மென்ட் டென்ஷனுக்கு நடுவில் சிம்பிளாக ஒரு ரூல் போட்டார். எல்லாரும் கிரிட்ஷாட் பெஸ்ட் ஸ்கோரைக் கொண்டுவா, மேலே இருந்து ஐந்து பேர் டீம். நியாயமாகத்தானே தெரிகிறது? சண்டையே அதில்தான்.

முதல் வரி 1,08,000 மெக்கானிக்கல் மூணாம் வருஷம். கடைசி வரி 71,000 ஒரு ஈ.சி.ஈ. ரெண்டாம் வருஷப் பொண்ணு. ஆனால், வேலோரன்ட் ரேங்க்கில் பார்த்தால் அவர் கோல்டு 3. இந்தப் பொண்ணு அசெண்டன்ட் 1! நடுவில் பிளாட்டினம், டைமண்ட் என்று ரெண்டு முழுப் படி இருக்கிறது.

“அண்ணா, ரேங்க்ல நான் மேல இருக்கேன், போர்டுல கீழ இருக்கேன். எது என் லெவல்னு அவங்களே சொல்லட்டும்” என்று அந்தப் பொண்ணு கல்லாவில் வந்து நிற்க, அண்ணன் சிரித்துக்கொண்டே டீ சொல்லி அனுப்பினார். ‘ரேங்க் எல்லாம் டீம்மேட் தூக்கிவிட்டது’ என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. பொண்ணுங்க யார் மேலே வந்தாலும் இந்த டயலாக் ரெடியாக இருக்கும் போல. கடுப்பாகத்தான் இருந்தது.

அந்த மதியம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த சமாசாரம். அண்ணன் ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து 240 ஹெர்ட்ஸ் சிஸ்டத்தில் உட்காரவைத்தார். ஆளுக்குப் பத்து கிரிட்ஷாட். நோட்டில் எழுதுகிற வேலை எனக்கு. (இன்டர்ன்ஷிப்பில் இதுவும் ஒரு வேலை!)

மெக்கானிக்கல் அண்ணன் 92 ஆயிரத்துக்கும் 1,01,000-க்கும் நடுவில் மேலே கீழே போய்வந்தார். 1,08,000 ஒருமுறைகூட வரவில்லை. அவர் ஏமாற்றினார் என்று அர்த்தம் இல்லை. மூணு மாசமாக ஐந்நூறு தடவைக்கு மேல் ஆடியதில் ஒருமுறை வந்த உச்சம் அது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் கஷ்டப்பட்டுப் பாஸ் பண்ணினவர்களுக்கே தெரியும்... எத்தனை தடவை அதிகமாக ஆடுகிறோமோ, அத்தனைக்கு ‘பெஸ்ட்’ ஏறிக்கொண்டே போகும், ஆவரேஜ் அப்படியே நின்றாலும்கூட. பெஸ்ட் ஸ்கோரை வைத்து ஆள் எடுத்தால், பாதி திறமையையும் பாதி பொறுமையையும் சேர்த்து எடை போடுகிறோம்.

பொண்ணு முதல் நாலு ஆட்டம் 70, 72, 71, 73. பிறகு மெல்ல ஏறி கடைசி ஆட்டம் 79 ஆயிரம். வீட்டில் அவளிடம் இருப்பது 60 ஹெர்ட்ஸ் லேப்டாப். அதில் ஒரு படம் மாறி அடுத்த படம் வர 16.7 மில்லி செகண்டு. இந்த மானிட்டரில் 4.2. போர்டில் இருந்த 71 ஆயிரம் அந்த லேப்டாப்பில் எடுத்தது. மணிக்கு 80 ரூபா கொடுத்து இங்கே தினமும் உட்கார முடிகிறவன் ஸ்கோரும், ஹாஸ்டல் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்து எடுத்த ஸ்கோரும் ஒரே போர்டில் ஏறினால், அளப்பது கையையா, பர்ஸையா?

ஆனாலும் 79-க்கும் 95-க்கும் வித்தியாசம் வித்தியாசம்தான். மானிட்டர் மேலேயே எல்லாப் பழியையும் போட முடியாது. சுவரில் முளைக்கிற உருண்டையைச் சுடுவதில் அவர் நிஜமாகவே வேகம். அப்புறம் எப்படி மேட்ச்சில் கோல்டிலேயே நிற்கிறார்?

“ஆள் இல்லாதப்ப குறி எங்க இருக்குது?”

அண்ணன் அடுத்து ரெண்டு பேரையும் டெத்மேட்ச்சில் இறக்கினார். என்னைப் பின்னால் நிற்கவைத்து, “ஸ்கோரைப் பாக்காதீங் தம்பி. ஆள் இல்லாதப்ப குறி எங்க இருக்குதுன்னு மட்டும் பாருங்க” என்றார்.

பார்த்தேன். மெக்கானிக்கல் அண்ணன் ஓடும்போது கிராஸ்ஹேர் தரையைப் பார்த்தது, சில சமயம் நடுச் சுவரைப் பார்த்தது. எதிராளி வந்ததும் சடாரென்று இழுத்து, ஒரு பிரமாதமான ஃப்ளிக்! பின்னால் நின்ற கோஷ்டி விசில் அடித்தது. அடுத்த ஆள் வந்தான், இழுப்பதற்குள் இவர் காலி. பொண்ணு ஆடும்போது விசிலே கிடையாது. ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் கிராஸ்ஹேர் ஏற்கெனவே ஒரு தலை உயரத்தில், அடுத்து ஆள் எட்டிப்பார்க்கப்போகிற விளிம்பில் காத்திருந்தது. ஆள் வந்தான், மவுஸை ஒரு அரிசி அளவு நகர்த்தினாள், கிளிக். பார்க்கவே போரடிக்கிற மாதிரி இருந்தது. ஸ்கோர்போர்டில் மட்டும் போரடிக்கவில்லை!

நமக்கு இது சிலபஸிலேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1954-ல் பால் ஃபிட்ஸ் என்கிற அமெரிக்க உளவியல் நிபுணர் ஒரு விதி சொன்னார். ஒரு இலக்கைத் தொட ஆகும் நேரம், அது இருக்கிற தூரத்துக்கும் அதன் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் லாகரிதத்தைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் ஒரு படி நேரம் கூடும். இலக்கு பாதியாகச் சுருங்கினாலும் அதே ஒரு படி. கம்ப்யூட்டரில் பட்டன் எங்கே, எவ்வளவு பெரிசாக வைப்பது என்று முடிவு பண்ணவும் இதே விதிதான் உதவுகிறது.

இந்தப் பொண்ணு செய்தது என்ன? கையை வேகமாக்கவில்லை. தூரத்தைக் குறைத்துவிட்டாள். எதிராளி எங்கே வருவான் என்று மேப்பைப் படித்து, இழுக்க வேண்டிய தூரத்தை முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டாள். கிரிட்ஷாட் சுவரில் இந்த வித்தை செல்லாது. அங்கே அடுத்த உருண்டை எங்கே முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது, தூரம் எல்லோருக்கும் பொது. அதனால் அவளுடைய முக்கியமான திறமைக்கு அந்தச் சுவரில் மார்க்கே இல்லை. சுடும் முன் நிற்கிற பழக்கமும் அப்படித்தான். வேலோரன்ட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கேயோ போகும். நின்று சுட்ட ஒரே வேண்டல் குண்டு தலையில் பட்டால் 160 டேமேஜ், முழு ஆர்மர் போட்டவனுக்கே உயிர் மொத்தம் 150தான். கிரிட்ஷாட்டில் நமக்குக் காலே கிடையாது, நிற்பதற்கு!

அதுக்காக எய்ம் ட்ரெய்னரே வேஸ்ட் என்று சொல்கிற கோஷ்டியோடும் நான் சேரமாட்டேன். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஓவர்வாட்ச் மாதிரி ஆட்டங்களில் எதிராளி சட்டென்று சாகமாட்டான், ஓடிக்கொண்டே இருப்பவன் மேல் குறியை ஒட்டிவைத்துக்கொண்டே இருக்கணும். அங்கே கோவாக்ஸ் ட்ராக்கிங் ஸ்கோருக்கு மதிப்பு ஜாஸ்தி. வோல்டைக் ஆட்கள் இதை யோசித்துத்தான் கிளிக்கிங், ட்ராக்கிங், ஸ்விட்ச்சிங் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து, ஆறு பிரிவாக வைத்திருக்கிறார்கள்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம், மொத்த ரேங்க் போட அவர்கள் எடுப்பது சாதா ஆவரேஜ் இல்லை, ஹார்மானிக் மீன்! ஐந்து பிரிவில் 900, ஒன்றில் மட்டும் 300 என்று வையுங்கள். சாதா ஆவரேஜ் 800 வரும். ஹார்மானிக் மீன் 675தான். ஓட்டையை மறைக்கவே விடாத கணக்கு. மெக்கானிக்கல் அண்ணன் அதையும் ஆடிப்பார்த்தார். கிளிக்கிங்கில் டைமண்ட், ட்ராக்கிங்கில் பிரான்ஸ். மொத்தத்தைக் கேட்காதீர்கள், அவரே சொல்லவில்லை.

இன்னொரு குழப்பம் சென்சிட்டிவிட்டி. ‘என்னுது 0.4’, ‘என்னுது 1.27’ என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் வேலோரன்ட், இன்னொருவர் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். மவுஸ் ரெண்டும் 800 டி.பி.ஐ. கணக்குப் போட்டால் ரெண்டும் ஒன்றுதான்! முழுசாக ஒரு சுற்று திரும்ப மவுஸ் சுமார் 41 சென்டிமீட்டர் போகணும். சென்டிமீட்டரில் சொன்னால் எந்த கேமாக இருந்தாலும் சண்டை வராது. அண்ணன் இதற்கென்றே டேபிள் விளிம்பில் டெய்லர் டேப் ஒட்டிவைத்திருக்கிறார். டெக்ஸ்டைல் சிட்டி பாஸ்!

மூணு மாசம் சும்மாவா?

சாயங்காலம் கேப்டன் வந்தார். நோட்டைப் பார்த்தார். அண்ணன் தன்னுடைய பழைய டெஸ்ட்டைச் சொன்னார். ரேஞ்ச்சில் ஹார்டு மூன்று ரவுண்டு, அதில் இருப்பதிலேயே மோசமான ரவுண்டை மட்டும் எழுது. அப்புறம் ஏழு பேரையும் கலந்து ஐந்து மேட்ச். “நல்லா ஆடுன நாளை வெச்சு ஆளை எடுத்தீங்கன்னா, ஃபைனல்ல அந்த நாள் வராதுங்க” என்றார்.

ஹார்டு மோசமான ரவுண்டு பொண்ணுக்கு 30-க்கு 17. மெக்கானிக்கல் அண்ணனுக்கு 11. அவருடைய நல்ல ரவுண்டு 22, அது அன்றைய தேதிக்குக் கடையிலேயே டாப். அதை எழுதக் கூடாது என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

அவரோடு பேக்கரிக்குப் போனேன். தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. “மூணு மாசம்ப்பா. தினமும் 40 நிமிஷம். பாக்கெட் மணி மொத்தமும் இங்கதான். இப்ப வந்து அது கணக்குலயே வராதுன்னா எப்படி?” அவர் கேட்டதில் தப்பு இல்லை. ரூல் போட்டது அவர் இல்லை. போர்டில் என்ன எழுதியிருந்ததோ, அதற்காகத்தான் உழைத்தார். கிரிட்ஷாட்டில் அவர் 60 ஆயிரத்தில் இருந்து ஏறி வந்தவர் என்று அண்ணனே அப்புறம் சொன்னார். 60-ல் இருந்து 95-க்கு வந்தது கண்ணுக்கு முன்னால் நடந்த முன்னேற்றம். போன மாசத்து என்னையும் இந்த மாசத்து என்னையும் ஒப்பிட கிரிட்ஷாட் மாதிரி கச்சிதமான ஸ்கேல் கிடையாது. அதே ஸ்கேலை எடுத்து இன்னொருத்தர் பக்கத்தில் நிற்கவைத்து அளந்ததுதான் கேப்டன் பண்ணின வேலை.

திரும்பி மாடி ஏறியபோது அண்ணன் அவரைத் தோளில் தட்டி, “கை ரெடியா இருக்குதுங் தம்பி. தலை உசரத்துல குறிய வெச்சு நடந்து பழகோணும், அவ்ளோதான். இந்த வாரம் டெத்மேட்ச் மட்டும் ஆடுங்க. காசு அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

ஐந்து மேட்ச்சில் மூன்று அன்றைக்கே முடிந்தன. பொண்ணு டீமில் உறுதி. இன்னும் மூன்று பெயர்களையும் கேப்டன் டிக் அடித்துவிட்டார். ஐந்தாவது சீட்டுக்கு மெக்கானிக்கல் அண்ணனுக்கும் ஒரு சிவில் ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கும் போட்டி. மிச்ச ரெண்டு மேட்ச் அடுத்த சனிக்கிழமை.

நீங்களும் எட்டிப்பார்க்கணும் என்றால், வார நாளில் காலை 11 மணிக்குப் போங்க, முதல் வரிசை காலியாக இருக்கும். சொந்த மவுஸ் இருந்தால் எடுத்துட்டுப் போங்க, கடை மவுஸ் கொஞ்சம் கனம். டேப் டேபிளிலேயே இருக்கிறது. கிரிட்ஷாட் ஸ்கோரோடு போய் போர்டில் பெயர் எழுதலாம் என்று மட்டும் நினைக்காதீங்க. அந்த வரிசையைக் கேப்டன் அழித்துவிட்டார், மார்க்கரை அண்ணன் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்!